சிவப்பு நூல் மூட்டைகள்

விலை ஏறினால் கிடங்கைத் திற என்பார்கள். விலை இறங்கினால் கிடங்கை நிரப்பு என்பார்கள். இரண்டுக்கும் ஓடுகிறவள் ஒருத்திதான். உணவு வழங்கல் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தபோது அவள் தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது கறுப்பு முடியைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சும்மா சொல்லிவைத்தார்கள். மத்தளமாவது கச்சேரி முடிந்ததும் உறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

போன வருஷம் உருளைக்கிழங்கு விலை விழுந்தது. சாதாரணமாக விழவில்லை, குப்புற விழுந்தது. விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நடுரோட்டில் கொட்டினார்கள். அரசே வாங்கிக்கொள்ளும் என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தது, தராசு வரவில்லை. தராசு வந்து சேர்ந்தபோது கிழங்கு அழுகி, ஈ மொய்த்து, அந்தத் தெருவில் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை. சூடு கண்டவர்கள் இந்த வருஷம் பாதி நிலத்தில்தான் நட்டார்கள். கிழங்கு குறைந்தது, விலை ஏறியது. இது குழந்தைக்குக்கூடத் தெரியும். மேலிடத்துக்கு மட்டும் ஒரு குழு தேவைப்பட்டது. குழு கூடி, தேநீர் குடித்து, பதுக்கல்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துபோனது.

உடனே உத்தரவு வந்தது. கிடங்கில் யாரும் அளவுக்கு மேல் கிழங்கு வைத்திருக்கக் கூடாது. மிச்சத்தையெல்லாம் அரசு எடுத்து, தன் விற்பனை மையத்தில் குறைந்த விலைக்கு விற்கும். உரியவருக்கு அந்த விலையே கணக்கில் போய்ச் சேரும். விதைக்கிழங்குக்கு மட்டும் விலக்கு, அதுவும் சான்று பெற்றிருந்தால். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது இவர்களுக்குப் புதிதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு சரி. வாலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியவள் அவள்தானே.

அன்று சாயங்காலமே அண்ணன் கூப்பிட்டான்.

அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். உருளைக்கிழங்குதான் அவனுக்குப் பிழைப்பு. அவன் மூட்டைகள் அவளுடைய சரகத்தில் இருந்த பெரிய குளிர்பதனக் கிடங்கில்தான் கிடந்தன. இதை அவள் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"பாப்பா, என் விதையையும் தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

ஐம்பதைத் தாண்டியும் அவனுக்கு அவள் பாப்பாதான்.

"உத்தரவு அப்படித்தான் இருக்கு அண்ணா. சான்று ஏதாவது வச்சிருக்கியா?"

"என் வயல்ல விளைஞ்ச கிழங்குக்கு நான்தான் சான்று. வேற யார் குடுப்பாங்க? கிழங்கோட அம்மாவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு குரல் இறங்கியது.

"விளையாட்டு இல்ல பாப்பா. வெளியில விதை விக்கிற விலைக்கு என்னால வாங்க முடியாது. இது போச்சுன்னா, வர்ற பருவத்துல அந்த நிலத்துல நான்தான் குழி தோண்டிப் படுத்துக்கணும்."

"சும்மா வாயில வந்ததைப் பேசாத. ஏதாவது வழி பாக்கறேன்."

வழி என்று அவள் நினைத்தது சிவப்பு நூலை.

அந்தக் கிடங்கில் வெகு நாளாக ஒரு வழக்கம் உண்டு. விவசாயிகள் அறுவடையில் முட்டை அளவு கிழங்காகப் பொறுக்கி விதைக்கென்று தனி மூட்டை கட்டுவார்கள். அந்த மூட்டையின் வாயைச் சிவப்பு நூலால் தைப்பார்கள். தின்பதற்கும் விற்பதற்கும் உள்ள பெரிய கிழங்குக்கு வெள்ளை நூல். வாசலில் கோணி ஊசியோடு உட்கார்ந்திருக்கும் தையல்காரர், மூட்டையைக் கொண்டுவருகிறவரிடம் "விதையா, சாப்பாடா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார். சொன்னதை நம்பி நூலைக் கோப்பார். இத்தனை வருஷத்தில் அதில் ஒருவரும் பொய் சொன்னதில்லை. பொய் சொல்லி ஒரு லாபமும் இல்லாத இடத்தில் எல்லாரும் யோக்கியர்கள்தான். இந்த இரண்டாவது விஷயம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

மறுநாள் உதவி இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவருக்கு அலுவலகத்தில் 'சுற்றறிக்கை' என்று பெயர். மனுஷன் கெட்டவர் இல்லை. ஆனால் எதைச் சொன்னாலும் ஒரு சுற்றறிக்கை போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். வீட்டில் குழாய் ஒழுகினாலும் சுற்றறிக்கைதான் அனுப்புவார் என்று உதவியாளர்கள் பேசிக்கொள்வார்கள்.

"சார், சொந்த விதைக்கு யார்கிட்டயும் சான்று இருக்காது. அதையும் எடுத்து வித்துட்டோம்னா அடுத்த பருவம் நட ஆள் இருக்காது. விலை இன்னும் ஏறும்."

"அப்போ எது விதை, எது பதுக்கல்னு எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"

"சிவப்பு நூல் போட்டிருந்தா விதை சார். அங்க எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நான் பொறுப்பு சார்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். அண்ணனின் மூட்டைகள் கண்ணுக்குள் நின்றன, வாய் முந்திக்கொண்டது. மூன்றாம் மனிதரின் விதையாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் பேசியிருப்பாளா என்று பிறகு பல தடவை தன்னையே கேட்டுப் பார்த்தாள். பேசியிருக்கமாட்டாள். இத்தனை வருஷ அலுப்பில் மற்றவர்களுக்காகப் பேசும் பழக்கம் அவளுக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

மதியத்துக்குள் சுற்றறிக்கை போய்விட்டது. 'சிவப்பு நூலால் தைக்கப்பட்ட மூட்டைகளுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.' ஒரே வரி. அவர் எழுதியதிலேயே சின்னது. ஊர் கெட அது போதுமானதாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அலுவலகக் கோப்புகளைக் கட்ட நூல்கண்டு வாங்கலாம் என்று சந்தைத் தெருவில் சாக்கும் கயிறும் விற்கும் கடைக்குப் போனாள்.

"வெள்ளை வேணும்னா எவ்வளவு வேணாலும் எடுத்துக்கோங்க மேடம். சிவப்பு மட்டும் கேக்காதீங்க."

"ஏன்?"

"தீந்து போச்சு. லாரியில வருதுன்னாங்க. வந்தாலும் விலை ரெண்டு மடங்கு. என்னமோ தெரியல, ஊர்ல எல்லாருக்கும் திடீர்னு சிவப்பு மேல ஆசை வந்துடுச்சு."

கடைக்காரர் அப்பாவியாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. உருளைக்கிழங்கு விலையைக் குறைக்கப் போட்ட உத்தரவால் சிவப்பு நூல் விலை ஏறியிருந்தது. கடை வாசலிலேயே நின்று கைப்பேசியை எடுத்தாள். அண்ணன் பெயர் திரையில் வந்தது. 'நீயும் தைச்சுட்டியா?' என்று எப்படிக் கேட்பது? எதையும் ஒளிக்கத் தெரியாத ஆள். சின்ன வயதில் கொய்யா திருடினால்கூட, தோட்டக்காரரிடமே போய் நல்லா இருந்தது என்று சொல்லிவிட்டு வருவான். அவனிடம் இதைக் கேட்டால் கன்னத்தில் அறைந்தது போல ஆகாதா? கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

திங்கட்கிழமை சுற்றறிக்கையே நேரில் கிடங்குக்குக் கிளம்பினார். விற்பனை மையம் மறுநாள் திறக்க வேண்டும், அமைச்சர் வருகிறார், இன்னும் ஒரு லாரி கிழங்குகூட வந்து சேரவில்லை.

வாசலில் தையல்காரர் இவர்களைப் பார்த்ததும் கோணி ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதைப் பார்த்தபோதே அவளுக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. கிடங்கு முதலாளி, உள்ளே குளிரும் என்று ஆளுக்கு ஒரு கம்பளிக் கோட்டைக் கொடுத்தார். கதவு திறந்தது. மண்ணும் நனைந்த சாக்குமாக ஒரு வாசனை குளிரோடு வந்து முகத்தில் அடித்தது. தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காக மூட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலும் சிவப்பு. எங்கே திரும்பினாலும் சிவப்பு. ஒரு வெள்ளை நூல் கண்ணில் படவில்லை. தரையில் மட்டும், காலடியில், பிரித்துப்போட்ட வெள்ளை நூல் துண்டு துண்டாகக் கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கக்கூட யாருக்கும் நேரமில்லை போல.

சுற்றறிக்கை ஒரு வரிசை முழுக்க நடந்துவிட்டுத் திரும்பினார். வாயிலிருந்து புகை புகையாகக் குளிர் மூச்சு வந்தது.

"இவ்வளவும் விதைன்னா, ஊர்ல சமையலறையில கூட நடலாம் போலிருக்கே" என்றார் கடைசியில். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"எல்லாரும் பொய் சொல்லல சார். நிஜமான விதையும் இதுக்குள்ள இருக்கு."

"எது?"

"பிரிச்சுப் பாத்தா தெரிஞ்சுடும் சார். அளவை வச்சே சொல்லிடலாம். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? நாளைக்குக் காலையில அமைச்சர் வர்றார்மா. நீங்கதானே பொறுப்புன்னு சொன்னீங்க? சரி. நிஜமான விதைன்னு உங்களுக்கு நம்பிக்கையான ஒரு மூட்டையைக் காட்டுங்க. திறப்போம். விதையா இருந்தா, மேல பேசி ரெண்டு நாள் வாங்கித் தர்றது என் வேலை."

நியாயமான பேச்சுதான். அவள் வரிசை வரிசையாக நடந்தாள். ஒவ்வொரு விவசாயியும் தன் மூட்டையில் மையால் ஒரு அடையாளம் போட்டிருப்பார். மூன்றாவது வரிசையில் அவள் தேடியது இருந்தது: பச்சை வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அண்ணனின் அடையாளம். அந்தக் குளிரிலும் அவளுக்கு உள்ளே சூடாக இருந்தது. எத்தனை பேர் புரட்டு செய்தாலும் இந்த ஒரு மூட்டையில் புரட்டு இருக்காது. அதன்மேல் கையை வைத்தாள்.

"இதைத் திறங்க."

தையல்காரர் தயங்கினார். "மேடம், வேற ஏதாவது..."

"இதைத்தான்."

அவர் நூலை அறுத்தார். சாக்கின் வாய் விரிந்தது. உள்ளேயிருந்து உருண்டு வந்து அவள் செருப்பில் மோதி நின்றது ஒரு கிழங்கு. முழுதாக ஒரு கை நிறையும் அளவு. அதன் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் மொத்த மூட்டையும். விதைக்கிழங்கு ஒன்றுகூட இல்லை.

சுற்றறிக்கை அவளைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் கோட்டைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தார்.

"போதும். விலக்கு ரத்து. எல்லாத்தையும் ஏத்துங்க."

நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் கொஞ்சம் போகும் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். இங்கே புல் முளைத்திருக்கிறது என்று சொல்லி வாய்க்காலையே மூடிவிட்டார்கள். மூடக் காரணமாக அவள் கைதான் நீண்டிருந்தது.

லாரிகள் நிரம்பிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். கிடங்கு முற்றத்தில், எடைமேடைக்குப் பக்கத்தில் அவள் ஒரு காலி சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளருகில் வந்து நின்றான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான்.

"என் மூட்டையைத்தான் திறந்தியாமே."

"ஆமா."

"ஏன் பாப்பா? அத்தனை மூட்டை இருந்துச்சே."

"ஏன்னு கேக்கறியா?" அவள் எழுந்து நின்றாள். "உன்னுதுன்னுதான் திறந்தேன். நீ பொய் சொல்லமாட்டேன்னு திறந்தேன்."

அவன் தரையைப் பார்த்தான். லாரி ஓட்டுநர் ஒருவர் வழிவிடச் சொல்லி ஒலி எழுப்பினார். அண்ணன் நகர்ந்து நின்றான்.

"எல்லாரும் தைச்சாங்க. நானும் தைச்சேன்" என்றான். "போன வருஷம் விலை விழுந்தப்ப எந்த உத்தரவும் எங்களைக் காப்பாத்த வரல. ரோட்டுல கொட்டிட்டு வீட்டுக்குப் போனோம். இந்த வருஷம் நாலு காசு பாக்கற நேரத்துல மட்டும் எங்கிருந்தோ ஓடி வர்றீங்க. இருக்கட்டும். ஆனாலும் நான் பயந்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க அண்ணிதான் சொன்னா, பாப்பா அங்க இருக்கா, நம்ம மூட்டையைத் திறக்கவிடமாட்டான்னு."

அவன் நிறுத்தி மூச்சு வாங்கினான்.

"நீ இருக்கியேன்னுதான் தைச்சேன்."

அவளை நம்பி அவன் பொய்யைத் தைத்தான். அவனை நம்பி அவள் அதைப் பிரித்தாள்.

"விதை எங்க அண்ணா இருந்துச்சு?"

"அதுக்குப் பின்னாடி. அடுத்த வரிசை."

அவன் லாரியைக் கை காட்டினான். பச்சை வட்டம் போட்ட மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பெரியதும் சின்னதும் ஒரே விலை, ஒரே லாரி. விதை போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்குத் தெரிந்தது, தூக்குகிற கூலிக்காரருக்கும் தெரிந்தது. லாரிக்குத் தெரியாது. சுற்றறிக்கைக்கும் தெரியாது.

மறுநாள் விற்பனை மையம் திறந்தது. அமைச்சர் வந்து ஒரு கிலோ வாங்குவதுபோல் நின்றார், படம் எடுத்தார்கள், போய்விட்டார். அதன்பின் நிஜமான வரிசை ஆரம்பித்தது. ஆளுக்கு இரண்டு கிலோ. ஒருவரே திரும்பத் திரும்ப வாங்கிவிடக் கூடாது என்று வாங்கியவரின் விரலில் அழியாத மை வைத்தார்கள். அதுவும் ஒரு சுற்றறிக்கைதான். வரிசையைப் பார்த்துக்கொள்வது அவளுடைய வேலை.

அன்று காலையிலேயே வெளிச்சந்தையிலும் விலை இறங்கியது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கைக்குப் பாராட்டு வந்தது. அவர் அந்தச் சந்தோஷத்தில் அவளை மன்னித்தேவிட்டார். "ஒண்ணு மட்டும் பாருங்கம்மா. அடுத்த பருவத்துல சாகுபடி குறையலாம்னு பேசிக்கிறாங்க. ஏன்னு விசாரிச்சு ஒரு அறிக்கை குடுங்க" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

வரிசையில் எல்லாரும் ஒரே பாட்டு. "பெருசா பாத்துப் போடுப்பா." "இது என்ன, கோலிக்குண்டு மாதிரி! பிள்ளைங்க விளையாடவா?" "தோல் உரிச்சா உள்ள ஒண்ணுமே மிஞ்சாது." விற்பவர் சின்னக் கிழங்கையெல்லாம் ஓரமாக ஒதுக்கி ஒதுக்கி, மேசையடியில் ஒரு குவியலே சேர்ந்துவிட்டது.

பத்து மணிக்கு மேல் ஒரு குரல் வந்தது. "எனக்குச் சின்னதா பாத்துப் போடுங்க."

அவள் திரும்பினாள். அண்ணன். அவனுக்குப் பின்னால் அண்ணி, அவர்கள் மகள். மூன்று பேர் கையிலும் துணிப்பை.

"சின்னதா?" விற்பவருக்கு ஒரே ஆச்சரியம். "நல்லதாப் போச்சு, இதை யாரும் வாங்கல." இரண்டு கிலோ, இரண்டு கிலோ, இரண்டு கிலோ. மூன்று விரலில் மை. அண்ணன் பக்கத்து மரத்தடியில் ஒரு சாக்கை விரித்து அதில் கொட்டினான். பிறகு நேராகப் போய் வரிசையின் கடைசியில் நின்றான்.

மறுபடி அவன் முறை வந்தபோது இடது கையை நீட்டினான். விற்பவர் அதைத் தள்ளிவிட்டு வலது கையைப் பிடித்து இழுத்தார்.

"மேடம், இந்த ஆள் ரெண்டாவது தடவை வர்றார்! மை இருக்கு பாருங்க!"

வரிசையில் இருந்தவர்கள் கத்தினார்கள். "பேராசைக்காரன்!" "வாங்கி வெளியில விக்கப் பாக்கறான்!" "இவங்களாலதான் விலை ஏறுது!" அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தங்கையைப் பார்த்தான். கெஞ்சவில்லை. தங்கை என்று ஒரு வார்த்தை சொல்லவுமில்லை. இந்தத் தடவை அவளை இழுக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தான் போலிருக்கிறது.

அவன் நிலத்துக்கு வேண்டிய விதை ஒரு லாரியின் பாதி. இவன் இரண்டு இரண்டு கிலோவாக அதைத் திருப்பி வாங்கப் பார்க்கிறான். பைத்தியக்காரத்தனம். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் யார் துடைப்பது என்ற எண்ணமும் கூடவே வந்தது.

"விதி ஆளுக்கு ரெண்டு கிலோதான்" என்றாள் சத்தமாக. "நீங்க தள்ளி நில்லுங்க."

அவன் தலையை ஆட்டிவிட்டு மரத்தடிக்குப் போனான்.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். உதவியாளரை வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, "நீங்க எதுக்கு மேடம் நிக்கிறீங்க? கேட்டா தரமாட்டாங்களா?" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. அவள் முறை வந்ததும் விரலை நீட்டினாள். விற்பவர் திகைத்துப்போய் மை வைத்தார்.

"எனக்கும் சின்னதா பாத்துப் போடுங்க."

மரத்தடிக்குக் கொண்டுபோய் அந்த இரண்டு கிலோவை அவன் சாக்கில் கொட்டினாள். அவன் குனிந்து, அவள் கொட்டியதை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தான். நல்லதைச் சாக்கில் போட்டான். மண்வெட்டி பட்டதையும் நசுங்கியதையும் தனியே வைத்தான். ஏழெட்டு சேர்ந்தன. அதை அவள் பையிலேயே திரும்பப் போட்டு நீட்டினான்.

"இது முளைக்காது பாப்பா. நீ வேகவச்சுச் சாப்பிடு" என்றான். "காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்க."